தொடும் கைகளும் இறையன்பும்: கிறிஸ்தவ வாழ்வில் தொடுதலின் இடம்

கடவுள் ஆவியாயிருக்கிறார் என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் அடிப்படைப் போதனைகளுள் ஒன்று. ஆவியாயிருப்பவருக்குக் கையும் இல்லை, தோலும் இல்லை. ஆயினும் ஜெபக்கூட்டங்களில் சாட்சி சொல்பவர்கள் “கர்த்தர் என்னைத் தொட்டார்” என்று சொல்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். கிறிஸ்தவத்தைப் புதிதாக அறிய வருகிறவருக்கு இந்தப் பேச்சு குழப்பம் தரக்கூடும். உடலற்றவர் எப்படித் தொடுவார்?

இதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஜெபத்திலோ வேத வாசிப்பிலோ ஒருவருடைய உள்ளம் இளகி, கடவுளின் அருகாமையை அவர் உணர்வதை விசுவாசிகள் தொடுதல் என்ற சொல்லால் குறிப்பதுண்டு. அது முதல் விடை. இரண்டாவது விடை இதைவிட எளியது, ஆனால் குறைவாகவே பேசப்படுவது. கடவுளின் அன்பு மனிதக் கைகளின் வழியாக மனித உடலை வந்தடைகிறது என்று திருச்சபை தொடக்கம் முதல் நம்பி வந்திருக்கிறது. நோயாளியின் நெற்றியில் எண்ணெய் பூசும் விரல், திருமுழுக்கில் குழந்தையை ஏந்தும் கை, புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும் முழந்தாள்படியிடும் பிள்ளைகளின் தலைமேல் பெற்றோர் வைக்கும் கை ஆகியவை அந்த நம்பிக்கையின் அன்றாட வடிவங்கள். இந்தக் கட்டுரை இரண்டாவது விடையைப் பற்றியது.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. தொடுவதைக் குறிக்கும் “தீண்டு” என்ற வினையிலிருந்துதான் நம் சமூகத்தின் மிகக் கொடிய வழக்கத்துக்குப் பெயர் வந்தது. யாரைத் தொடலாம், யாரைத் தொடலாகாது என்ற கணக்கை வைத்தே மனிதரைப் பிரித்து வாழ்ந்த நாட்டில், இயேசு யாரைத் தொட்டார் என்ற கேள்வி ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வியாக இருக்க முடியாது.

கையை நீட்டி, அவனைத் தொட்டு

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் ஒரு தொழுநோயாளி இயேசுவிடம் வந்து முழங்கால்படியிடுகிறார். அவர் எத்தகைய நிலையில் வந்தார் என்பதை அறிய, பழைய ஏற்பாட்டின் சட்டநூல்களில் ஒன்றான லேவியராகமத்தின் 13ஆம் அதிகாரத்தைப் பார்க்க வேண்டும். அங்கே குஷ்டம் என்று சொல்லப்படுவது இன்று மருத்துவர்கள் தொழுநோய் என்று அழைக்கும் ஒரே நோயை மட்டும் குறிப்பதில்லை. பலவகைத் தோல் நோய்களுக்கும் அது பொதுப்பெயராக இருந்தது. எந்த வகையாக இருந்தாலும் விதி ஒன்றுதான். நோயாளி கிழிந்த உடை அணிய வேண்டும், தலைமுடியை விரித்துப் போட வேண்டும், வாயை மூடிக்கொண்டு “தீட்டு, தீட்டு” என்று கூவ வேண்டும், குடியிருப்புக்கு வெளியே தனியாக வாழ வேண்டும். யாரும் தம் அருகில் வந்துவிடாதபடி அவரே எச்சரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் இதில் நெஞ்சை மிகவும் வருத்துகிற செய்தி.

அப்படிப்பட்டவர், “உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்” என்று மன்றாடுகிறார். இயேசு மனதுருகி, கையை நீட்டி, அவரைத் தொட்டு, “எனக்குச் சித்தமுண்டு, சுத்தமாகு” என்று சொன்னதாக மாற்கு எழுதுகிறார். இந்தச் சொற்களின் வரிசையை நிதானமாகக் கவனிக்க வேண்டும். முதலில் தொடுதல் நிகழ்கிறது. அதன் பிறகுதான் சொல் வருகிறது. சொல் வந்த பிறகுதான் நோய் நீங்குகிறது. ஆகவே இயேசுவின் கை அந்த மனிதர்மேல் பட்டபோது அவர் இன்னும் தொழுநோயாளியாகவே இருந்தார். குணமான பிறகு அணைத்துக்கொள்வது எவருக்கும் இயலும். நோய் இருக்கும்போதே, ஊர் முழுவதும் விலகி நிற்கும்போதே தொட்டதுதான் இங்கே நற்செய்தி.

குணமாக்குவதற்குத் தொடுதல் தேவைப்பட்டதா என்று கேட்கலாம். தேவைப்படவில்லை. நூற்றுக்கதிபதி என்ற ரோமப் படை அதிகாரியின் வேலைக்காரனை இயேசு தூரத்தில் இருந்தபடியே, ஒரு சொல்லால் குணமாக்கினார் என்று மத்தேயு 8ஆம் அதிகாரம் சொல்கிறது; தொழுநோயாளியைத் தொட்ட நிகழ்ச்சியும் அதே அதிகாரத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. சொல்லே போதும் என்றிருந்தும் தொட்டார் என்றால், அந்தத் தொடுதல் நோயை நீக்குவதற்கான வழிமுறை என்பதைக் காட்டிலும் அந்த மனிதரிடம் சொல்லப்பட்ட ஒரு செய்தி என்றே நான் வாசிக்கிறேன். பல ஆண்டுகளாக எவருடைய கையும் படாத தோலுக்கு, “நீ எங்களில் ஒருவன்” என்பதை வாயால் மட்டும் சொன்னால் எட்டாது.

அந்தக் கதையின் முடிவையும் விட்டுவிடக் கூடாது. குணமானவர் நடந்ததை எல்லாரிடமும் சொல்லிவிட, இயேசு வெளிப்படையாகப் பட்டணத்துக்குள் செல்ல முடியாமல் வெளியே வனாந்தரமான இடங்களில் தங்க நேர்ந்தது என்று 45ஆம் வசனம் சொல்கிறது. வெளியே இருந்தவர் ஊருக்குள் போகிறார். உள்ளே இருந்தவர் வெளியே நிற்கிறார். ஒதுக்கப்பட்டவரைத் தொடுகிறவர் அவருடைய இடத்தையும் ஓரளவு ஏற்க வேண்டியிருக்கும் என்பதை மாற்கு ஒரே வசனத்தில் காட்டிவிடுகிறார்.

இதே நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் இரண்டு கதைகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னப்பட்டிருக்கின்றன. யவீரு என்ற ஜெப ஆலயத் தலைவரின் 12 வயது மகள் மரணத் தறுவாயில் இருக்கிறாள். அவளைக் காணப் போகும் வழியில், 12 ஆண்டுகளாக உதிரப்போக்கினால் வருந்திய ஒரு பெண் கூட்டத்தின் ஊடே வந்து இயேசுவின் ஆடையைத் தொடுகிறார். அந்தச் சிறுமி வளர்ந்த காலம் முழுவதும் இந்தப் பெண் துன்பப்பட்டிருக்கிறார். லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தின்படி அவர் படுத்த படுக்கையும் உட்கார்ந்த இருக்கையும் தீட்டு. அவற்றைத் தொட்டவருக்கும் தீட்டு. அவரைத் தழுவிக்கொள்ள எவருக்குத் துணிவு வந்திருக்கும்? அதனால்தான் அவர் பின்புறமாக, எவரும் அறியாதபடி வந்து தொட்டார். தொட்டது யார் என்று இயேசு கேட்டபோது அவர் நடுங்கினார் என்றும் எழுதியிருக்கிறது. கடிந்துகொள்வதற்கு மாறாக இயேசு அவரை “மகளே” என்று அழைத்தார். பிறகு யவீருவின் வீட்டுக்குப் போய், இறந்துகிடந்த சிறுமியின் கையைப் பிடித்து, “தலீத்தாகூமி”, அதாவது “சிறுபெண்ணே எழுந்திரு” என்றார். பிணத்தைத் தொடுகிறவன் 7 நாள் தீட்டுப்பட்டிருப்பான் என்பது எண்ணாகமம் 19ஆம் அதிகாரத்தின் விதி.

பழைய விதியில் தீட்டு தொடப்பட்டவரிடமிருந்து தொட்டவருக்குப் பரவுகிறது. இயேசுவிடத்தில் அந்த ஓட்டம் எதிர்த்திசையில் திரும்புகிறது. அவரிடமிருந்து தூய்மையும் உயிரும் மற்றவரை நோக்கிச் செல்கின்றன. கிறிஸ்தவ வாழ்வில் தொடுதல் பற்றிய எல்லாப் போதனையும் இந்த ஒரு மாற்றத்தில் வேரூன்றியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

உடல் ஏன் இவ்வளவு முக்கியம்

வார்த்தை மாம்சமானார் என்று யோவான் எழுதும்போது, கடவுள் மனித உடலை எடுத்துக்கொண்டார் என்பதையே சொல்கிறார். யோவானின் முதல் நிருபம் இன்னும் ஒரு படி மேலே சென்று, தாங்கள் காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் சொன்னதோடு நில்லாமல், கைகளினால் தொட்டதையும் அறிவிப்பதாகத் தொடங்குகிறது. இயேசுவுக்கு இருந்தது மெய்யான உடல் அல்ல, உடல்போன்ற தோற்றம் மட்டுமே என்று போதித்த சிலர் ஆதித் திருச்சபையின் காலத்தில் இருந்தார்கள். திருச்சபை அந்தப் போதனையை உறுதியாக மறுத்தது. உடல் மெய்யானது என்றால் பசி மெய், காயம் மெய், தொடுதலும் மெய்.

இதனால்தான் அருட்சாதனங்கள் எனப்படும் திருச்சபையின் புனிதச் சடங்குகள் எதுவும் வெறும் சொற்களால் முடிந்துவிடுவதில்லை. திருமுழுக்கில் நீர் தோலின்மேல் படுகிறது. திருவிருந்தில் அப்பம் உள்ளங்கையில் வைக்கப்படுகிறது. நான்காம் நூற்றாண்டில் எருசலேமில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஓர் உபதேசம் இன்றும் நமக்குக் கிடைக்கிறது. அரசரை வரவேற்கும் அரியணைபோல் இடக்கையை வலக்கைக்குக் கீழே வைத்து, உள்ளங்கையைக் குழித்து அப்பத்தை வாங்கும்படி அது கற்பிக்கிறது. அதோடு, உண்பதற்கு முன் அதனால் கண்களைத் தொட்டுப் புனிதப்படுத்திக்கொள்ளவும், பாத்திரத்தில் பருகிய பின் உதட்டில் இருக்கும் ஈரத்தை விரலால் தொட்டு நெற்றியிலும் கண்களிலும் வைத்துக்கொள்ளவும் அது சொல்கிறது. புனிதமானதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு இந்த வரிகள் அந்நியமாகத் தோன்றுவதில்லை.

கைகளை வைத்தலும் சமாதானம் கொடுத்தலும்

திருச்சபை தன் தொடுதலுக்கு இரண்டு முறையான வடிவங்களை அமைத்திருக்கிறது. முதலாவது, கைகளை வைத்து ஜெபித்தல். யாக்கோபு தன் பேரப்பிள்ளைகளின் தலையில் கைகளைக் குறுக்காக வைத்து ஆசீர்வதித்ததும், மோசே யோசுவாவின்மேல் கைவைத்ததும் பழைய ஏற்பாட்டில் உள்ள முன்மாதிரிகள். ஆதித் திருச்சபை ஊழியர்களை அனுப்பும்போதும் நோயாளிகளுக்காக மன்றாடும்போதும் இதைச் செய்தது. இன்று தென்னிந்தியத் திருச்சபையில், திருமுழுக்குப் பெற்றவர்களை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் ஆராதனையின்போது பேராயர் ஒவ்வொருவரின் தலையிலும் கைவைக்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையில் உறுதிப்பூசுதலும் குருத்துவத் திருநிலைப்பாடும் கைகளை விரிப்பதும் வைப்பதுமான செயல்களோடு நடக்கின்றன. நோயில் பூசுதலில் நோயாளியின் நெற்றியிலும் இரு கைகளிலும் எண்ணெய் பூசப்படுகிறது.

அப்போஸ்தலருடைய நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் வரும் அனனியாவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். திருச்சபையைத் துன்புறுத்திய சவுல் பார்வை இழந்து தமஸ்குவில் ஒரு வீட்டில் கிடக்கிறார். அவரிடம் போகும்படி கட்டளை பெற்றபோது அனனியாவுக்கு அச்சம். இந்த மனிதன் செய்த தீங்குகளை அவர் கடவுளிடமே எடுத்துச் சொல்கிறார். ஆயினும் போகிறார். போனதும் கைகளைச் சவுலின்மேல் வைத்து, “சகோதரனாகிய சவுலே” என்கிறார். திருச்சபையின் எதிரி கிறிஸ்தவனாக வாங்கிய முதல் தொடுதல், அவர் யாரைச் சிறைப்பிடிக்க வந்தாரோ அவர்களில் ஒருவருடைய கையிலிருந்து வந்தது. கைகளை வைத்தல் என்பது ஏதோ மின்சாரம் பாய்வதுபோல் ஆற்றல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இறங்குவது என்று கருதுகிறவர்கள் இந்தக் காட்சியைத் திரும்ப வாசிக்க வேண்டும். நெற்றியில் கைவைத்துத் தள்ளி ஆட்களைக் கீழே விழச்செய்வதற்கும் இதற்கும் உறவு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த ஆற்றலைப் பணம் கொடுத்து வாங்க வந்த சீமோனை பேதுரு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதும் முந்தைய அதிகாரத்திலேயே இருக்கிறது.

இரண்டாவது வடிவம், சமாதானம் கொடுத்தல். “பரிசுத்த முத்தத்தோடு ஒருவரையொருவர் வாழ்த்துங்கள்” என்ற கருத்து பவுலின் நான்கு நிருபங்களில் வருகிறது. பேதுருவின் முதல் நிருபம் அதை அன்பின் முத்தம் என்று அழைக்கிறது. அக்காலத்தில் முத்தம் முதன்மையாக உறவினருக்கும் நெருங்கினவர்களுக்கும் உரியது. ஒரே சபையில் எஜமானும் அடிமையும், யூதரும் கிரேக்கரும் இருந்தபோது, அவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் குடும்பத்தாரின் வாழ்த்தைக் கொடுக்க வேண்டும் என்பது அந்தக் கட்டளையின் உட்பொருள். ரோமாபுரியில் கி.பி. 155ஆம் ஆண்டையொட்டி எழுதிய யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ அறிஞர், ஜெபங்கள் முடிந்ததும் தாங்கள் ஒருவரையொருவர் முத்தத்தால் வாழ்த்திவிட்டு அப்பத்தையும் பாத்திரத்தையும் கொண்டுவருவதாகக் குறிப்பிடுகிறார். அதே நூற்றாண்டிலேயே, இந்த முத்தம் இன்பத்துக்காகத் திரும்பக் கொடுக்கப்படலாகாது என்ற எச்சரிக்கையும் எழுந்தது. பிற்காலத்தில் ஆண்கள் ஆண்களுக்கும் பெண்கள் பெண்களுக்கும் மட்டும் கொடுப்பது என்ற ஒழுங்கு வந்தது. மெல்ல மெல்ல மேற்கத்தியத் திருச்சபைகளில் மக்களிடையே இந்த வழக்கம் மங்கிப்போனது.

அது மீண்டும் உயிர் பெற்றதில் தென்னிந்தியாவுக்கு ஒரு பங்கு உண்டு என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளைச் சேர்ந்தவர்கள் ஒரே திருச்சபையாக இணைந்த அந்த நிகழ்வுக்குப் பின், 1950இல் வெளிவந்த திருவிருந்து ஒழுங்கில் சமாதானம் கொடுக்கும் சடங்கு சேர்க்கப்பட்டது. கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்கள் நெடுங்காலமாகக் காத்துவந்த முறையிலிருந்து அது எடுக்கப்பட்டது. கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்கிறார்; இருவரும் தத்தம் இடக்கையால் மற்றவரின் வலக்கையை மூடிக்கொள்கிறார்கள். திருமேசையருகே நிற்கும் ஆயரிடமிருந்து தொடங்கி அந்தச் சமாதானம் கைமாறிக் கைமாறி கடைசி வரிசைவரை வருகிறது. முத்தம் நம் பொது வழக்கத்துக்குப் பொருந்தாத இடத்தில், நான்கு கைகள் ஒன்றையொன்று பொதிந்துகொள்ளும் இந்தச் செய்கை எவ்வளவு கண்ணியமாகவும் எவ்வளவு நெருக்கமாகவும் இருக்கிறது என்பதை, ஒருமுறையேனும் அவசரப்படாமல் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள். பிற நாடுகளின் திருச்சபைகள் தங்கள் வழிபாட்டைப் புதுப்பித்தபோது இந்த ஒழுங்கை ஒரு முன்மாதிரியாகக் கவனித்தன.

கத்தோலிக்கத் திருச்சபையும் இதே திசையில் சிந்தித்தது. இந்தியாவுக்கென 1969இல் ஏற்கப்பட்ட 12 வழிபாட்டுத் தகவமைப்புகளில் ஒன்று, சமாதான முத்தத்துக்குப் பதிலாகக் கைகூப்பி வணங்குவதையும், கொடுப்பவரின் கைகளைப் பெறுபவரின் கைகளுக்கிடையில் வைப்பதையும் அனுமதித்தது. இன்னொன்று, புனிதப் பொருள்களை முத்தமிடுவதற்குப் பதிலாக அவற்றைத் தொட்டுக் கண்களிலோ நெற்றியிலோ ஒற்றிக்கொள்ளலாம் என்றது. எருசலேம் உபதேசத்தில் இருந்த செய்கை, 16 நூற்றாண்டுகளுக்குப் பின் நம் வழக்கத்தின் கதவு வழியாகத் திரும்பி வந்ததுபோல் எனக்குத் தோன்றுகிறது.

வேலூரில் ஒரு தோள்

மேலே சொன்னவை அனைத்தும் ஆலயத்துக்குள் நடப்பவை. வெளியே அது எப்படி இருக்கும் என்பதற்கு மருத்துவர் பால் பிராண்டின் வாழ்க்கையைச் சொல்லலாம். மிஷனரிப் பெற்றோருக்கு 1914இல் கொல்லிமலையில் பிறந்த அவர், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையின் மூலம் மீண்டும் இயங்கச்செய்வதில் அவர் முன்னோடியாக விளங்கினார். தொழுநோய் நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியைப் போக்கிவிடுகிறது. வலி தெரியாததால் சூட்டையும் வெட்டையும் உணராமல் கைகால்கள் சிதைகின்றன என்பதை விளங்கவைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. தொடு உணர்வைப் பறிக்கும் ஒரு நோய், நோயாளியை எவரும் தொடாதபடியும் செய்துவிட்டது என்பது அந்த மக்களின் இரட்டைத் துயரம்.

ஒரு நோயாளியைப் பரிசோதித்த பின், அவர் தோளில் கைவைத்துச் சிகிச்சையைப் பற்றி மொழிபெயர்ப்பாளர் மூலம் விளக்கியதையும், அந்த மனிதர் திடீரென்று அழத் தொடங்கியதையும் பிராண்ட் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தவறாக ஏதேனும் சொல்லிவிட்டேனோ என்று அவர் பதறிக் கேட்டபோது, பல ஆண்டுகளாகத் தம்மை எவரும் தொட்டதில்லை, நீங்கள் தோளில் கைவைத்ததால் அழுகிறார் என்று உடனிருந்தவர் விளக்கினார். அங்கே பிரசங்கம் எதுவும் நடக்கவில்லை. மருத்துவரும் அந்தக் கணத்தில் பெரிதாக ஒன்றையும் செய்ததாக நினைக்கவில்லை. இன்று தொழுநோயைக் கூட்டு மருந்துகளால் முழுமையாகக் குணப்படுத்த முடியும். அதன் பின்னும் அந்த நோய் வந்துபோன கைகளைப் பிடிக்கத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

நம் சபைகளின் வழக்கு

தொடுதலைப் பற்றி எழுதுகிற தமிழ்க் கிறிஸ்தவர் சாதியைப் பற்றி எழுதாமல் கடந்துபோனால் அது நேர்மையாகாது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடுகளை உடனடியாகவும் முற்றாகவும் கைவிட வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். தனித்தனியே உட்கார்வதும், திருவிருந்துப் பாத்திரத்தை யார் முதலில் பருகுவது, யாருக்குப் பின் பருகுவது என்பதும் அன்றைய பிணக்குகளாக இருந்தன. வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் அந்தக் கட்டளைக்கு எதிர்ப்பு எழுந்தது. பலர் சபையை விட்டுப் பிரிந்தார்கள். ஒரே பாத்திரத்தில் வாய் வைப்பதும் ஒருவகைத் தொடுதல்தான் என்பதை எதிர்த்தவர்கள் நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். நம் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. ஆனாலும் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் என்ற நிலை சில கிறிஸ்தவ ஊர்களில் நம் காலம்வரை நீண்டிருப்பதை அறிந்திருக்கிறோம். ஞாயிறு காலையில் சமாதானம் என்று கைகோத்துவிட்டு, இறந்த பிறகு அருகருகே படுக்க மறுப்பவர்கள் பரிசுத்த முத்தத்தின் பொருளை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்றே சொல்ல வேண்டும்.

சாதியைப்போல் வெளிப்படையாகத் தெரியாத விலக்கல்களும் உண்டு. திருமணங்களில் தாலியைத் தொட்டு ஆசீர்வதிக்கும்படி பெரியவர்களிடம் தட்டு சுற்றிவரும்போது, கணவரை இழந்த பெண்கள் தாங்களாகவே பின்வாங்கி நிற்பதைக் கிறிஸ்தவத் திருமணங்களிலும் காணலாம். மணமகளை வளர்த்து ஆளாக்கிய தாயாகவே இருந்தாலும் அவர் கை அந்தத் தட்டின்மேல் படுவதில்லை. இதற்கு வேதத்தில் எந்த ஆதாரமும் இல்லை. தட்டை அவரிடம் முதலில் கொண்டுபோகச் சொல்வதற்கு ஆயருக்கோ மணமகனுக்கோ ஒரு நிமிடம்கூட ஆகாது.

எல்லைகள்

தொடுதலின் நன்மையைச் சொல்லும் எவரும் அதன் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். யூதாஸ் தன் குருவைக் காட்டிக்கொடுத்தது ஒரு முத்தத்தால்தான். ஆன்மிக அதிகாரம் உள்ளவர்கள் ஜெபம், ஆறுதல், ஆலோசனை என்ற பெயரில் பெண்களையும் குழந்தைகளையும் தவறாகத் தொட்ட நிகழ்ச்சிகள் உலகெங்கும் திருச்சபைகளைத் தலைகுனியச் செய்திருக்கின்றன. அப்படித் தொடப்பட்டவருக்குப் பல வேளைகளில் கடவுளின் பெயரே காயமாகிவிடுகிறது.

வயதில் மூத்த பெண்களைத் தாயாரைப் போலவும், இளம் பெண்களைச் சகோதரிகளைப் போலவும் எல்லாத் தூய்மையோடும் நடத்தும்படி தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபம் கூறுகிறது. ஒருவர்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வைக்க வேண்டாம் என்று அதே நிருபம் ஊழிய நியமனத்தைப் பற்றிச் சொல்வதை இங்கேயும் நினைவில் கொள்ளலாம். நடைமுறையில் இதன் பொருள் எளிது. கைவைத்து ஜெபிக்கும் முன் “கைவைத்து ஜெபிக்கலாமா?” என்று கேட்க வேண்டும். கேட்ட பின் எதிரே இருப்பவர் தயங்கினால் அந்தத் தயக்கமே மறுப்பு; கைகூப்பி ஜெபித்தால் போதும். பெண்களுக்குப் பெண்கள் கைவைத்து ஜெபிப்பதும், எவருக்கும் தனியறையில் மூடிய கதவுக்குப் பின் ஜெபிக்காமல் இருப்பதும் நல்ல ஒழுங்குகள். ஞாயிறு பள்ளியில் குழந்தைகளுக்கு நல்ல தொடுதல், தவறான தொடுதல் பற்றி வெளிப்படையாகக் கற்பிக்க வேண்டும். ஒரு குழந்தை புகார் சொன்னால் அதைச் சபைக்குள்ளேயே பேசி முடிப்பதற்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இடம் தருவதில்லை. காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். பர்திமேயு என்ற பார்வையற்றவரின் தேவை கண்ணுக்குத் தெரிந்ததுதான். இருந்தும், “நான் உனக்கு என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்ட பிறகே இயேசு செயல்பட்டார்.

பெற்றுக்கொள்ளுதல்

கொடுப்பதைவிடப் பெறுவது பலருக்குக் கடினம். யோவான் 13ஆம் அதிகாரத்தில் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவ வரும்போது பேதுரு மறுக்கிறார். தம்மைவிட உயர்ந்தவர் தம் காலைத் தொடலாகாது என்ற எண்ணம் நமக்கும் நன்றாகப் புரியும். காலைத் தொடுவது இளையவரின் வேலை என்றுதான் நாமும் வளர்க்கப்பட்டிருக்கிறோம். நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்பது இயேசுவின் மறுமொழி. பெற மறுப்பதைப் பணிவு என்று அவர் ஏற்கவில்லை.

அவரே பெற்றுக்கொள்ளவும் அறிந்திருந்தார். சீமோன் என்ற பரிசேயனின் வீட்டு விருந்தில், ஊரே பாவி என்று அறிந்திருந்த ஒரு பெண் அவர் பாதங்களைக் கண்ணீரால் நனைத்து, கூந்தலால் துடைத்து, முத்தமிட்டு, பரிமள தைலம் பூசினார். விருந்து கொடுத்தவர் முகஞ்சுளித்தார். இயேசு கால்களை இழுத்துக்கொள்ளவில்லை. நீ எனக்குக் கால் கழுவத் தண்ணீர் தரவில்லை, முத்தமிடவில்லை, தலையில் எண்ணெய் பூசவில்லை என்று அவர் சீமோனிடம் எண்ணிச் சொன்ன மூன்றும் உடலைத் தொடும் உபசாரங்கள் என்பதைக் கவனிக்கலாம். அந்தக் குறைகள் அவருக்குத் தெரிந்திருந்தன.

நம் குடும்பங்களில் அணைத்துக்கொள்ளும் பழக்கம் குறைவு. ஆனால் தொடுதல் இல்லாமல் இல்லை. சனிக்கிழமை தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துவிடுவதும், குழந்தையை உச்சி முகர்வதும், கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பதும் நம்முடைய மொழி. அந்த மொழி வயதானவர்களிடம் வரும்போது நின்றுபோகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, சுத்தமான படுக்கையும் வேளாவேளைக்கு மருந்தும் குறைவில்லாமல் கிடைக்கப்பெற்று, இரத்த அழுத்தம் பார்க்கும் செவிலியரைத் தவிர வேறு எவருடைய கையும் வாரக்கணக்கில் படாமல் கிடக்கிற முதியவர்கள் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். வீட்டுத் திருவிருந்துக்கு ஆயர் போகும்போது உடன்போகிறவர்கள் பெரும்பாலும் வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்து, பாட்டு முடிந்ததும் எழுந்து, “ஸ்தோத்திரம்” என்று சொல்லித் திரும்பிவிடுகிறார்கள்.

அடுத்தமுறை போகும்போது நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். “கையைப் பிடித்துக்கொள்ளட்டுமா, பாட்டி?” என்று கேட்டு, சங்கீதம் வாசித்து முடியும்வரை விடாமல் பிடித்திருக்கலாம். முதலில் அந்தக் கை கொஞ்சம் விறைப்பாக இருக்கும். தொல்லை கொடுக்கிறோமே என்ற கூச்சத்தில் விலக்கிக்கொள்ளவும் பார்க்கும். இரண்டாவது, மூன்றாவது வசனத்தில் விரல்கள் தளர்ந்து, பிடித்த கையைத் திரும்பப் பிடிக்கும்.